சம்பந்தி வீட்டுக்குப் போன காயில்

குருவையாவின் கார் ராஜபாளையம் முழுக்கக் குலுங்கிக் குலுங்கி ஓடியது.

"இஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்குற இக்னிஷன் காயில் ஒண்ணு போயிருக்கும் அண்ணாச்சி. இதே மாடல் வண்டியில மாட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றார் மெக்கானிக் தேவஇரக்கம்.

மகளுக்குச் சீராகக் கொடுத்ததும் அதே மாடல்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தி அதில் வந்தார். காயிலை மாற்றி மாட்டியதும் குருவையாவின் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது; சம்பந்தியின் கார் குலுங்கியது.

"காயில்தான். அவுக வண்டியிலருந்து கழட்டித் தாரேன், புதுசு போட்டுருவோம்" என்றார் தேவஇரக்கம்.

குருவையா பதறினார். "பொண்ணு குடுத்த வீட்டுக்குக் குடுத்ததத் திருப்பி வாங்குறதா? என் மரியாதை என்ன ஆவுறது?"

சம்பந்தி வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாக 'இன்னும் ஒண்ணு குறையுதே' என்றே பழகிய வாய். 'வேண்டாம்' என்ற சொல் அதற்கு வரவில்லை. போன காயிலோடு ஊர் வரைக்கும் குலுங்கிக்கொண்டே போனார்.