பொன்னாடைக்கு ஒரு பெடியன்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்டால் மனுசர் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கிற நேரம். விமலேஸ்வரிக்கு அந்தக் குடுப்பினை இல்லை. புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்டத் தையல் கடை வைச்சிருக்கிற மனுசி, கிழமை முழுக்க மெசினோடை முதுகை முறிச்சுப்போட்டு, ஞாயிறும் போய்ச் சனசமூக நிலையத்துப் பிளாஸ்ரிக் கதிரையிலை குந்தவேணும். போதைத் தடுப்பு மக்கள் மன்றத்தின்ரை செயலாளர் எல்லே! சம்பளம் இல்லாத பதவி, ஏச்சுப்பேச்சு மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும்.

தலைவர் பாலன் சேர், இளைப்பாறின அதிபர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பள்ளிக்கூடம் அவரை விடேல்லை. மௌன இறைவணக்கம் எண்டுவார், எல்லாரும் எழும்புவினம். இருங்கோ எண்டுவார், இருப்பினம். பிறகு போன கூட்டத்துக் குறிப்பை வாசிச்சு, அதை ஒராள் முன்மொழிஞ்சு, இன்னொராள் வழிமொழிஞ்சு முடிய தேத்தண்ணி வந்திடும். ஒரு பிள்ளை கிணத்துக்குள்ளை விழுந்தாலும் இவையள் முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சுதான் கயிறு விடுவினம் எண்டு விமலேஸ்வரி புருசனுக்குச் சொல்லிச் சொல்லிப் புறுபுறுக்கிறவா. அந்த மனுசன் "அப்ப விட்டிட்டு வாவன்" எண்டும். விடத்தான் ஏலாமல் கிடக்கு.

அண்டைக்கு எடுத்த விசயம் ஆண்டு விழா. பந்தல் முடிஞ்சுது, பிரதம விருந்தினர் முடிஞ்சுது, மங்கள விளக்கை ஆர் ஏத்துறது எண்டதுக்கு ஒரு சண்டையும் முடிஞ்சுது. ஊருக்குள்ளை போதைத் தூள் விக்கிறவன் பள்ளிக்கூட மதிலடி வரைக்கும் வந்திட்டான், அதைப் பற்றி ஒரு வாய் திறக்கேல்லை. பொன்னாடை ஆருக்கு எண்டதுதான் பெரிய கவலை.

"விமலேஸ்வரி," எண்டு பாலன் சேர் கண்ணாடியைக் கழட்டினார். "தூளிலை இருந்து ஒரு பெடியன் முற்றா மீண்டிட்டான் எண்டு போன கூட்டத்திலை சொன்னனீர் எல்லே? அவனை மேடையிலை ஏத்துவம். பெரிசா ஒரு பனர், அவன்ரை படத்தோடை. பிரதம விருந்தினர் கையாலை பொன்னாடை."

விமலேஸ்வரி குறிப்பெழுதின பேனையை நிப்பாட்டினா.

"சேர், அது சரிவராது. அந்தப் பிள்ளை தன்பாட்டிலை உழைச்சுச் சாப்பிடுது. ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

"தெரிஞ்சால்தானே மற்றப் பெடியளுக்கு முன்மாதிரி?"

"சேர் சொல்றதும் சரிதான்," எண்டார் பொருளாளர் மஸாஹிர் நானா. சந்தியிலை ஹார்ட்வெயார் கடை வைச்சிருக்கிறவர், தங்கமான மனுசன். ஆனால் ஆர் கடைசியாக் கதைக்கினமோ அவையின்ரை பக்கம் சாய்ஞ்சிடுவார். "விமலேஸ்வரி அக்கா சொல்றதும் சரிதான்."

அந்தப் பெடியன் ஜெயந்தன். போன வருசம் அவன்ரை தாய், தைக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமலே ஒரு பழைய சட்டையைக் கொண்டு கடைக்கு வந்து, மெசினுக்குப் பக்கத்திலை இருந்து குமுறிக் குமுறி அழுதவா. விமலேஸ்வரிதான் அவனை வவுனியாவிலை ஒரு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போய்வந்தது. ஊருக்கு, துணி எடுக்கப் போறன் எண்டு கதை. பொய்யெண்டு பிடிபடக் கூடாதெண்டு ஒவ்வொரு முறையும் துணி வாங்கி, தேவையில்லாத சீத்தைத் துணி அலுமாரி நிறைய அடைஞ்சுபோய்க் கிடக்கு. "அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" எண்டு பஸ்ஸுக்குள்ளை அவன் கெஞ்சினவன். "என்ரை வாயாலை ஒரு குஞ்சுக்கும் போகாது தம்பி" எண்டு இவா கையடிச்சுக் குடுத்தவா.

இப்ப அவன் பள்ளிக்கூட வான் ஓடுறான். கனடாவிலை இருக்கிற மாமன் வாங்கிக் குடுத்த வான். காலமை வீடு வீடாப் பிள்ளையளை ஏத்தி இறக்கி, பின்னேரம் வானைக் கழுவித் துடைச்சு, களைச்சுப்போய்ப் படுக்கிறான். அந்தக் களைப்புத்தான் அவனுக்கு மருந்து. விசயம் தெரிஞ்சு தாய் தகப்பன்மார் பிள்ளையளை அனுப்பாமல் மறிச்சால் வான் முத்தத்திலை நிக்கும், இவன் சும்மா இருப்பான். சும்மா இருந்தால் பழைய கூட்டாளியள் கூப்பிட வந்திடுவாங்கள். இது விமலேஸ்வரிக்கு வடிவாத் தெரியும். இந்தப் பொன்னாடைக்காரருக்குத்தான் தெரியாது.

"பேரையாவது சொல்லும். நாங்கள் நிர்வாக சபை எல்லே?" எண்டார் சேர்.

"மாட்டன் சேர்."

"அப்ப நான் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையும். உண்மையிலை அப்பிடி ஒரு பெடியன் இருக்கிறானோ? இல்லாட்டிக் கூட்டத்துக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி வேணுமெண்டு…"

விமலேஸ்வரிக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது. வவுனியாவுக்கு அலைஞ்ச அலைச்சல் என்ன, கடையைப் பூட்டிப்போட்டுப் போனதாலை கொழுவின வாடிக்கையாளர் என்ன, கடைசியிலை தான் ஒரு பொய்க்காரியோ! எண்டாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா. இருந்திருப்பா. அருந்ததி ரீச்சர் சும்மா இருந்திருந்தால்.

அருந்ததி ரீச்சர் முன்பள்ளி நடத்துறவா. மேடைப் பேச்செண்டால் "எங்கள் வீட்டுப் பிள்ளைகளாக இவர்களை அரவணைப்போம்" எண்டு கண்ணீர் வரப் பேசுவா. அவா தேத்தண்ணியோடை வந்த மாலுபான் பணிசைக் கடிச்சுக்கொண்டு சொன்னா: "திருந்தினது எண்டு நம்பேலாது விமலாக்கா. உவங்களை எனக்குத் தெரியும். ரெண்டு மாதம் நடிப்பாங்கள், பிறகு தாயின்ரை தோட்டைக் கழட்டிக்கொண்டு போவாங்கள்."

"நடிக்கிறானோ?" விமலேஸ்வரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா. "உங்கடை மகள் லக்சிகாவைக் காலமை காலமை பத்திரமாக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலிலை இறக்கிறவனைப் பாத்தோ நடிக்கிறான் எண்டுறீங்கள்? அவன் இறக்கிவிட்டு, பிள்ளை உள்ளுக்குப் போகுமட்டும் நிண்டு பாத்திட்டுத்தான் வானை எடுக்கிறவன்!"

சொல்லி முடிஞ்சாப் பிறகுதான் தான் சொன்னது தன்ரை காதிலை விழுந்துது.

அருந்ததி ரீச்சர் மாலுபானைத் தட்டிலை வைச்சா.

"ஜெயந்தனோ?" எண்டா.

ஐயோ, இந்த வாயிலை தீயை வைக்க! விமலேஸ்வரிக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லாயிருக்கும் போலை கிடந்துது. ஒரு வருசமாப் பொத்திப் பொத்தி வைச்சதை ஒரு நொடிக் கோவத்திலை கொட்டியாச்சு. அதுவும் ஆரிட்டை? இவையளிட்டை!

பிறகு பாருங்கோ, எல்லாருக்கும் ஒரே பாசம். "ச்சா, என்ன மாதிரிப் பெடியன்!" எண்டார் மஸாஹிர் நானா, உண்மையாவே கண் கலங்கி. "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" எண்டா அருந்ததி ரீச்சர், விமலேஸ்வரியின்ரை முகத்தைப் பாக்காமல்.

"சேர், நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். பனரும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். இது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது."

பாலன் சேர் தொண்டையைச் செருமினார். "நியாயம். அப்ப ஜெயந்தனின்ரை விசயத்தை இரகசியமாக வைத்திருப்பது எண்டு தீர்மானம். ஆர் முன்மொழியிறது?"

"நான் முன்மொழியிறன்," எண்டார் மஸாஹிர் நானா.

"நான் வழிமொழியிறன்," எண்டா அருந்ததி ரீச்சர்.

"எழுதும் விமலேஸ்வரி. கூட்டக் குறிப்பிலை போடும்."

"என்னத்தைச் சேர் போடுறது? இரகசியத்தையோ?" எண்டு கத்தினா விமலேஸ்வரி. "அடுத்த கூட்டத்திலை எழும்பி நிண்டு வாசிக்கிறதுக்கோ?" பேனையை மூடிக் கைப்பைக்குள்ளை எறிஞ்சுபோட்டு வெளியாலை வந்தவா, வீடு போய்ச் சேருமட்டும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனா.

திங்கட்கிழமை காலமை கடைக் கதவைத் திறக்க, வான் வந்து முன்னாலை நிண்டுது. வழக்கமா ஹோன் அடிச்சுக் கை காட்டிக்கொண்டு போறவன், அண்டைக்கு எஞ்சினை நிப்பாட்டினான்.

"அன்ரி, லக்சிகாவுக்கு ஏதும் சுகமில்லையோ? ரீச்சர் கோல் எடுத்தவா, இனித் தானே மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறாவாம். பாலன் சேரும் பேரனை அனுப்பேல்லை. ரீச்சர் வீட்டு ஒழுங்கையிலை மற்ற ரெண்டு வீட்டுக்காரரும் கேற்றைத் திறக்கேல்லை. நானா மட்டும் மகளை ஏத்திவிட்டவர். ஏத்திவிட்டிட்டு என்ரை கண்ணை ஒரு மாதிரிக் குனிஞ்சு பாத்தவர்."

விமலேஸ்வரி வானுக்குள்ளை எட்டிப் பாத்தா. நெருக்கியடிச்சுக்கொண்டு போற வானிலை, அங்கொண்டும் இங்கொண்டுமாப் பிள்ளையள் இருந்துதுகள்.

"அன்ரி… நீங்கள் ஏதும்…" எண்டு இழுத்தான் ஜெயந்தன்.

காய்ச்சலாத்தான் இருக்கும் தம்பி எண்டு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துது. அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரேல்லை.

"ஓம் தம்பி. நான்தான். நேற்றுக் கூட்டத்திலை. உன்னை நடிக்கிறாய் எண்டு சொன்னவை, எனக்குப் பொறுக்கேல்லை. கோவத்திலை வாய் தவறி வந்திட்டுது."

அவன் ஸ்ரியரிங்கைப் பிடிச்சபடி ரோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தான். பின்னாலை ஒரு பிள்ளை, "மாமா, பிந்தப்போகுது, பள்ளிக்கூடத்திலை ஏசுவினம்" எண்டு சிணுங்கிச்சுது.

விமலேஸ்வரிக்குத் தாங்கேல்லை. "நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் இப்பவே கடையைப் பூட்டிப்போட்டு அருந்ததியிட்டைப் போறன். நாக்கைப் பிடுங்கிறமாதிரி நாலு கேள்வி கேட்டு, அந்த ஒழுங்கையிலை ஒவ்வொரு வீடாப் போய்க் கதைச்சு…"

"வேண்டாம் அன்ரி."

அவன்ரை குரலிலை கோவமே இல்லை. கோவிச்சிருந்தாலும் பரவாயில்லை எண்டு கிடந்துது விமலேஸ்வரிக்கு.

"நீங்கள் கதைச்சதே போதும்," எண்டான். எஞ்சினை ஸ்ராட் பண்ணினான்.

வான் மெல்ல நகர, மஸாஹிர் நானாவின்ரை மகள் யன்னலாலை கையை நீட்டி "டாட்டா அன்ரி" எண்டு ஆட்டிச்சுது. விமலேஸ்வரிக்குத் திருப்பி ஆட்டக் கை எழும்பேல்லை.