அரிச்சுவடியில் ஓர் அம்மா

திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்த ஞானசிகாமணி, சொந்தத் தராசையே நம்பாத மனுஷர். அப்படிப்பட்டவருக்கு மகனின் அரிச்சுவடியிலேயே வினை வந்தது.

பழைய அரிச்சுவடியில் ‘அம்மா’ என்ற சொல்லுக்கு மேலே கவுன் போட்ட வெள்ளைக்காரிதான் இருந்தாள். சீமையிலிருந்து வந்த அச்சுக்கட்டை. பிள்ளைகள் அதைத் ‘துரைசாணி’ என்றே வாசித்தார்கள். அந்த வருஷம் பாளையங்கோட்டையில் அடித்த புதுப் புத்தகத்திலோ சேலையும் காதில் தொங்கும் பாம்படமுமாக நம்மூர் அம்மா, மடியில் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா!” என்று மகன் கத்தினான்.

ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். மனைவி சாலோமியேதான்! மோவாயில் மச்சம்கூட இருந்தது.

“ஏட்டி, படம் போட்டவனுக்கு உன் மச்சம் எப்பிடித் தெரியும்?”

“அவன் ஆருன்னே எனக்குத் தெரியாது.”

“தெரியாதவனா இப்பிடிப் போடுதான்?”

அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை. மறுநாளே குலசேகரன்பட்டினத்துக்கு, அவள் தாய்வீட்டுக்கு, அவளை மட்டும் வண்டியேற்றி அனுப்பிவிட்டார்; மகனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். காகிதத்துக்குப் பயந்து பெண்டாட்டியைத் தள்ளிவைத்த மகராசன்! பிறகு புத்தகத்தை மடியில் சொருகிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார்.

அச்சாபீஸ் வாசலில் ஏற்கெனவே மூன்று பேர் நின்றார்கள். மூவர் கையிலும் அதே அரிச்சுவடி.

“எம் பெஞ்சாதியப் படமாப் போட்டவன் எவம்லே?” என்றார் ஒருவர்.

“உம்ம பெஞ்சாதியா? அது எம் பெஞ்சாதிவே!” என்று கத்திவிட்டு, சொன்னது உறைத்ததும் ஞானசிகாமணி விழித்தார்.

கட்டையில் படம் செதுக்கும் தேவதாசன் வெளியே வந்தார். “நான் ஆரையும் பாத்துச் செதுக்கல, அண்ணாச்சி. பிள்ளையப் பாத்துச் சிரிக்கிற மொகம், அம்புட்டுதான்.”

“அப்ப மச்சம்?”

“மை தெறிச்சிருக்கு. மத்தப் புத்தகத்தப் பாரும்.”

பார்த்தார். மூன்றிலும் மச்சம் இல்லை.

அங்கிருந்து நேரே குலசேகரன்பட்டினம் போனார். “தப்புத்தான். அது நீயில்ல. வா, வீட்டுக்குப் போவோம்” என்று புத்தகத்தை நீட்டினார்.

சாலோமி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“மவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். அவன்கிட்ட நான் இப்பிடித்தான் சிரிப்பேன். உங்களுக்கு எப்பிடி நான்னு தெரிஞ்சிது? நீங்க இருக்கையில நான் சிரிச்சதே இல்லையே.”

அவர் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினார்.

“மவன இங்கன கொண்டாந்து விட்டுருங்க” என்றாள். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை.