பீப்பாய்க் கசடு

பீப்பாயைக் கவிழ்த்ததும் அடியில் கிடந்த கசடு கருஞ்சேறாக வழிந்து சீமெந்துத் தரையில் பரவியது. குருசுமுத்து தும்புத்தடியால் அதை வடிகாலுக்குத் தள்ளினார். நவரத்தினம் அடுத்த பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். கொட்டகை முழுக்க ஆசுப்பத்திரி வாட்டு மணம். மருந்தும் கரியும் கலந்த மணம், சோற்றுக்குள்ளும் வந்து நிற்கும்.

ஸ்கொட்லாந்துத் தீவொன்றில், சதுப்பில் வெட்டிய கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்து வடிக்கிற விஸ்கி அது. பீப்பாயோடு கப்பலில் டென்மார்க்கில் இருக்கிற ரண்டர்ஸுக்கு வரும். இந்தக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்தபின் போத்தலில் அடைப்பார்கள்.

"இதைக் குடிக்கிறவங்களுக்கு மூக்கில்லையோ அண்ணை?"

"டெட்டோலுக்குச் சீனி போட்ட மாதிரிக் கிடக்காம். முந்தி இங்கை நிண்ட ஆனந்தராஜா குடிச்சுப்போட்டுச் சொன்னவன். எனக்கென்ன தெரியும்?"

குருசுமுத்து தொடுவதில்லை. மன்னார்ப் பேசாலையில் கடலுக்குப் போன காலத்தில் மூக்கு முட்டக் குடித்தவர்தான். ஒருநாள் வள்ளம் கவிழ்ந்து, பலகையைப் பிடித்தபடி விடியும்வரை மிதந்தார். கரையேறியதும், இனித் தொடமாட்டேன் என்று மடுக்கோயில் மாதாவுக்கு நேர்ந்துவிட்டார்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்தார். வடிகாலுக்குப் போகிற கசட்டில் அதைத் தோய்த்துப் பிழிந்து, சுவெற்றருக்குள் கையை விட்டு நெஞ்சில் தேய்த்தார். ஈரத்தில் நின்று நின்று வந்த இருமல் அவருக்கு.

"நேர்த்திக்காரர் குளிக்கிறார் பார்," என்றான் நவரத்தினம்.

"விசர்க்கதை கதையாதை. ஊரில சளிக்குச் சாராயம் பூசுறேல்லையே? மாதா வாயைத்தான் கேட்டவ, நெஞ்சைக் கேக்கேல்லை."

மன்னாரில் ஆமி வீடு வீடாக இறங்கிக்கொண்டிருந்த வருடம் அது. அவர் மனைவி பவளராணியும் சின்ன மகளும் அங்கே கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால் அவர்களைக் கூப்பிடலாம் என்று குருசுமுத்துவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வசந்தம் வந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று போர்மன் ப்ரெபென் அவர் தோளில் தட்டிச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவர் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடும் வந்தார்.

மத்தியானம் முதலாளி வந்தார். மூலையில் கிடந்த பழைய பீப்பாயைத் திறக்கச் சொன்னார். ப்ரெபென் அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தான். ஈரம் கோலில் பாதிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது; பீப்பாய் அவ்வளவு குறைந்திருந்தது. முதலாளி ப்ரெபெனைப் பார்த்தார்.

சாப்பாட்டறையில் கூட வேலைசெய்கிற டெனிஷ்காரர்கள் மூவரும் வழக்கம்போல பியர் உடைத்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். ப்ரெபென் அவர்களைக் கூப்பிடவில்லை. தமிழர் இருவரையும் எழும்பச் சொன்னான்.

முதலில் நவரத்தினத்தின் வாயைத் திறக்க வைத்து மோந்தான். ப்ரெபெனின் வாயிலிருந்து பியரும் ஊறவைத்த மீனும் அடித்தது. பிறகு குருசுமுத்து. வாயில் ஒன்றும் இல்லை. கழுத்தடியில் மோந்தான், மாடு வாங்க வந்தவன் மாதிரிச் சுவெற்றரைத் தூக்கினான், நெஞ்சில் மூக்கை வைத்தான். பைக்குள்ளிருந்த துணியை இரண்டு விரலால் இழுத்து எல்லோருக்கும் காட்டினான். மேசையில் இருந்த ஒருவன் சிரித்தான்.

"பூசினது எண்டு சொல்லு தம்பி. மாதாவுக்கு நேர்ந்தது எண்டு சொல்லு." குருசுமுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினார்.

நேர்த்திக்கு டெனிஷில் என்ன சொல்வதென்று நவரத்தினத்துக்குத் தெரியவில்லை. "இருமல். மருந்து. இவர் குடிப்பதில்லை," என்றான்.

"அப்போ பீப்பாய் எப்படிக் குறைந்தது?" என்று கேட்டான் ப்ரெபென்.

வெள்ளிக்கிழமைகளில் ப்ரெபென் தன் கோப்பிப் பிளாஸ்கோடு அந்த மூலைக்குப் போவதை நவரத்தினம் கண்டிருக்கிறான். கதவடியில் நின்ற முதலாளியைப் பார்த்தான். முதலாளி தன் சப்பாத்தில் ஒட்டிய கசட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். நவரத்தினத்தின் அகதி விண்ணப்பமும் இன்னும் முடியவில்லை. அவன் வாயை மூடினான்.

ப்ரெபென் துணியைக் கதவுக்கு வெளியே வடிகால் பக்கம் வீசினான். குருசுமுத்துவின் வேலை அவ்வளவுதான்.

வாசலில் அவர் றப்பர் சப்பாத்தைக் கழற்றி, கழுவி, சோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"பவளத்துக்கு என்னத்தை எழுதுறது?"

"வேறை வேலை பாப்பம் அண்ணை."

"கள்ளன் எண்டு நிப்பாட்டினவனை ஆரடா எடுப்பான்?"

சனிக்கிழமை முதலாளியின் விருந்தாளிகள் வந்தார்கள். நவரத்தினத்துக்கு வெள்ளைச் சேட்டுக் கொடுத்து, தட்டோடு நிற்க விட்டார்கள். முதலாளி கட்டம் போட்ட கழுத்துப்பட்டியோடு அதே மூலைப் பீப்பாயைத் தட்டினார். ப்ரெபென் அதே கோலை விட்டு எடுத்தான். ஈரம் அதே இடத்தில் நின்றது.

முதலாளி நிறுத்தி நிறுத்திப் பேசினார். நவரத்தினத்துக்கே எல்லாம் விளங்கியது. மரம் மூச்சு விடுமாம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் விஸ்கி மரத்துக்குள்ளால் காற்றில் போய்விடுமாம். யாராலும் தடுக்க ஏலாது. தீவில் அதை ஏஞ்சல்களின் பங்கு என்பார்களாம். அந்த டெனிஷ் சொல் நவரத்தினத்துக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்குக் கடைக் கண்ணாடிகளில் தங்கத்தாள் செட்டையோடு தொங்குவார்கள். குருசுமுத்து சம்மனசு என்பார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் கூரையைப் பார்த்துக் கிளாசை உயர்த்தினாள். ப்ரெபெனும் சிரித்தான். பலமுறை கேட்ட பகிடிக்குச் சிரிக்கிற சிரிப்பு.

அவர்கள் போனபின் மேசையில் கிளாசுகள் பாதியும் முக்காலுமாகக் கிடந்தன. பலருக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. ஒன்றில் சிகரெட் கட்டை மிதந்தது. எல்லாவற்றையும் ஊற்றிவிடு என்று கையால் காட்டிவிட்டுப் ப்ரெபென் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனான்.

நவரத்தினம் ஒவ்வொன்றாக வடிகாலில் ஊற்றினான். வடிகாலின் கம்பியில் குருசுமுத்துவின் துணி சிக்கிக் கிடந்தது. காய்ந்து கறுத்துக் கிடந்த துணி விஸ்கியைக் குடித்துக் குடித்து உப்பியது. பிறகு அதற்கும் கொள்ளவில்லை. மிச்சம் அதன் மேலால் வழிந்து போனது.