பேனருக்கு ஒரு படம்

"அந்த சிரிக்கிற படம் கெடச்சிதாம்மா?"

மனோகரன் மறுபடியும் சமையலறை வாசலில் வந்து நின்றார். விடிந்ததிலிருந்து அவர் உட்காரவே இல்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர் மனைவி பார்வதம் கிடக்க, இவர் அறைக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அழவில்லை. அஞ்சலி பேனருக்குப் படம், படம் என்று மகளை அரித்தெடுத்தார்.

"தேடிகினுதான் கீறேன், நைனா," என்றாள் லாவண்யா. லேப்டாப் மடியில், முதுகு கேஸ் சிலிண்டரில்.

படம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. வைஃபை வழியாக எல்லோரும் எட்டிப் பார்க்கிற நெட்வொர்க் டிரைவ். போனில் இடமில்லை என்று வீட்டுப் படங்கள் அத்தனையையும் அதில் ஏற்றிவிட்டு, போனில் அழித்தவளே அவள்தான். இப்போது லேப்டாப்பில் போட்டோ ஆப்பைத் திறந்தால் ஆபீஸ் விருந்துப் படங்கள் வருகின்றன. யாரோ வாங்கிய காரின் படம் வருகிறது. அம்மா வரவில்லை. டிரைவின் ஃபோல்டரை மறுபடி சேர்க்கப் பார்த்தாள். ஆப்பை மூடித் திறந்தாள். படம் எதுவும் இல்லை என்று அது கூசாமல் சொன்னது. ஊரான் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவள் அவள். அந்த ஆப்பைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருந்தது.

கரையான்சாவடியிலிருந்து ஃப்ளெக்ஸ் கடை துலுக்கானம் கூப்பிட்டார்.

"இன்னா மேடம், படம் வரலியே? சாப்பாட்டு நேரத்துக்குள்ள அனுப்பிடுங்க. அப்பால மெஷின்ல கல்யாண பேனரு ஏறிடும்."

பூக்கூடையோடு உள்ளே வந்த சித்தி சாவித்திரி, "அந்த ஆதார் படத்த குடுத்துத் தொலையேன்டி," என்றாள்.

ஆதாரில் அம்மா திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். பொட்டே தெரியாது. புருஷன் இருக்கப் பூவும் பொட்டுமாகப் போனவளை அப்படியா தெருவில் கட்டுவது? துலுக்கானம் அதற்கும் தயாராக இருந்தார். "பொட்ட நான் வெச்சிக்கிறேன் மேடம். பட்டுப்பொடவயும் கட்டி உட்டுடலாம். தலைய மட்டும் குடுங்க."

லாவண்யா போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். கறுப்புப் பெட்டியில் விளக்கு எரியவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அதன் ப்ளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஐஸ் பெட்டியின் ப்ளக். காலையில் பெட்டி கொண்டுவந்தவர்கள் கண்ணில் பட்டதைப் பிடுங்கிவிட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அஞ்சு நிமிஷம்தானே, மாற்றிப் போட்டால் என்ன? கை பாதி தூரம் போய்விட்டது. கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. மாடி வீட்டு ரேணுகாவிடம் ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ஆப் மட்டும் பழைய பல்லவியையே பாடியது.

"இன்னாவாம்?" என்றார் மனோகரன்.

"டிரைவு வந்துடுச்சி நைனா. படமும் அதுலதான் கீது. இந்த சனியன் லேப்டாப்புல இருக்கிறத மட்டும்தான் கணக்குல வெச்சிக்குது போல."

"உள்ள கீது, ஆனா காட்டாதா?"

"நானே பாக்கறேன், இரு."

ஆப்பை மூடிவிட்டு நேராக டிரைவுக்குள் நுழைந்தாள். 'புதுசு', 'புதுசு2', 'எல்லாம்', 'அப்புறம் பார்க்கணும்' என்று அவளே வைத்த லட்சணமான பெயர்கள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். மனோகரன் முதல்முறையாகத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

'அப்புறம் பார்க்கணும்' ஃபோல்டரில் இருந்தது. நைட்டி, தோளில் துண்டு, வியர்வையில் கலைந்த பொட்டு. வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஐயே, நைட்டியிலயா? நாலு பேரு பாக்க மாட்டாங்களா? பொடவய ஒட்டித் தரேன்னுதானே கடைக்காரரே சொல்றாரு," என்றாள் சாவித்திரி.

"ஒண்ணியும் ஒட்ட வேணாம். அப்டியே போடச் சொல்லு," என்றார் மனோகரன்.

கல்யாணப் பேனருக்கு முன்னால் மெஷினில் ஏறி, வெயில் சாய்வதற்குள் அம்மாவின் பேனர் காட்டுப்பாக்கத்துக்கு வந்து ஃப்ளாட் கேட்டில் தொங்கியது. மாலையோடு வந்தவர்கள் ஓவென்று அழத் தயாராக வந்து, நிமிர்ந்து பார்த்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். சாவித்திரியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சிரிப்போடு அழுதாள்.

மனோகரன் தெருவில் இறங்கி எதிரே நின்றார். லாவண்யாவும் போய் நின்றாள்.

"இன்னாத்த பாத்து இப்டி சிரிக்கிறா?"

"உன்னத்தான் நைனா. கண்ணு எரியுதுன்னு ஹெல்மெட்ட மாட்டிகினு வெங்காயம் அரிஞ்சியே, அன்னிக்கி எடுத்தது. நீ எனக்குப் பக்கத்துல இருந்த."

பேனரில் பார்வதத்தின் கண்கள் நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தன. மனோகரன் அந்தப் பார்வை எங்கே போகிறது என்று பார்த்து, மெல்ல நகர்ந்து அங்கே போய் நின்றுகொண்டார்.