அச்சடித்த கணுக்கால்

நாட்டின் தலைநகரில், ஓக்லா தொழிற்பேட்டையில் ப்ரீதா வேலை பார்த்த சிறிய நிறுவனம் செயற்கைக் கால்களுக்கான கணுக்கால் இணைப்புகளை டைட்டானியத்தில் செய்தது. வார்ப்பதோ கடைவதோ கிடையாது. உலோகத் தூளைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக த்ரீடி பிரிண்டரில் அச்சடிப்பார்கள். வடிவமைப்பு, சோதனை எல்லாம் ப்ரீதாவின் பொறுப்பு.

அந்த இணைப்புகளில் ஒன்று ஆர்.கே.புரம் மெட்ரோ படிக்கட்டில், காலை நெரிசலில், இரண்டாக முறிந்தது. போட்டிருந்தவர் வத்சலா, அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவர் மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் சிரித்தபடி ஏறும் வீடியோதான் நிறுவனத்தின் விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய கணவர் சங்கரநாராயணன் அனுப்பிய துண்டுகளை ப்ரீதா மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முறிந்த இடத்தில், அலை வந்துபோன மணலைப் போல வரிவரியாகக் கோடுகள். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தன. தூள் சரியாக உருகாமல் விட்டுப்போன நுண்ணிய துளை அது. ஒவ்வொரு அடிக்கும் பாரம் ஏறி இறங்க, அதன் ஓரத்தில் பிறந்த விரிசல் மெல்ல வளர்ந்திருக்கிறது. உலோகம் சோர்ந்துபோய் முறிந்திருக்கிறது.

துளைகள் இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். கடும் வெப்பமும் அழுத்தமும் தரும் உலையில் வைத்தால் மூடிக்கொள்ளும். சோதனைக்கான துண்டுகளை அப்படித்தான் வெளியூருக்கு அனுப்பி வாங்கி, மெருகும் போட்டாள். அவை எல்லாச் சோதனையிலும் தேறின. மனிதர்களுக்குக் கொடுத்தவற்றை அனுப்பவில்லை. கால்களைக் காட்ட வேண்டிய கண்காட்சி நெருங்கியிருந்தது, உலைக்கு அனுப்பி வாங்க நாள் இல்லை. நிறுவனத்தை நடத்திய வெங்கி, இப்படியே கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுக்கலாம் என்று சொன்னவள் அவள்தான்.

மாலையில் அவர்கள் வீட்டுக்குப் பார்க்கப் போனாள். வத்சலாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மடித்த புடவைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். விழுந்ததைவிட, அத்தனை பேர் நடுவே புடவை விலகி, கால் தனியாகக் கிடந்ததைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தாழ்ந்தது. பிறகு ப்ரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். ஆசையில கண்ட படியெல்லாம் ஏறினேன். நீ எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணினது. தப்பா எடுத்துக்காதே."

"பரவால்ல மாமி," என்றாள் ப்ரீதா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.  ஆனாலும் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

வெங்கியிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் முகம் தெளிந்தது. அதிகம் பயன்படுத்தியதால் முறிந்தது என்று அவர்களே சொல்வது நல்லதுதான், அதையே ஒரு வாய்ஸ் மெசேஜாக வாங்கிக்கொள்வோம் என்றான். மறுநாள் காலை அந்த மெசேஜ் ஆபீஸ் குரூப்பில் வந்தது. அதே குரல், அதே மன்னிப்பு. கீழே யாரோ கை கூப்பும் படம் போட்டிருந்தார்கள். ப்ரீதாவால் முழுதும் கேட்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து மறுபடி ஆர்.கே.புரம் போனாள்.

உட்காராமலே சொன்னாள். துளையை, உலையை, தான் அனுப்பாமல் விட்டதை. சங்கரநாராயணன் டிவியை அணைத்தார். வத்சலா மாவுக்கட்டுக் கையை மடியில் இறக்கி வைத்தார்.

"நேத்திக்கு நான் மன்னிப்புக் கேட்டேனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமி."

"தெரிஞ்சுண்டுதான் பரவால்லேன்னு சொன்னியா?"

 ப்ரீதாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"இதை இன்னும் யார் யார் போட்டுண்டிருக்கா?" என்று கேட்டார் வத்சலா.

அந்தக் கேள்வி தனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று ப்ரீதா கூசிப்போனாள். மனதில் இரண்டு நாளாகத் தன் பெயர் மட்டுமே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வத்சலா அவளை அங்கேயே உட்கார்ந்து எல்லோரையும் போனில் கூப்பிட்டு எச்சரிக்கச் சொன்னார். இடையில் வெங்கி அழைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் எடுத்து, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, இனி திரும்ப வாங்குவதுதான் வழி என்றாள். அவன் கத்தினான். பிறகு, வேறு வழியில்லாமல், கடைந்து செய்யும் பழைய மாதிரி இணைப்புகளை ஏற்பாடு செய்தான்.

கிளம்பும்போது வத்சலா ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். சங்கரநாராயணன்தான் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

முனிர்காவில் செருப்புக் கடை வைத்திருந்த, அதே இணைப்பைப் போட்டிருந்த ஆம்பூர்க்காரர் இஸ்மாயிலிடம் அவளே மாற்று இணைப்பை எடுத்துப் போனாள். நல்லாத்தானே இருந்தது, வீணாக அலைகிறீர்கள் என்றார் அவர். இரண்டு டீ வாங்கிவரச் சொல்லி வெளியே இருந்த பையனுக்குக் குரல் கொடுத்தார். ப்ரீதா கழற்றிய இணைப்பைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். உள்வளைவில், தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு கோடு ஓடியிருந்தது.

பையில் போட்டுவிடலாம். அவர் பார்க்கவில்லை.

"பாய், இங்க பாருங்க," என்று அதை அவர் கையில் கொடுத்தாள். "விரிசல். நான் செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டதால வந்தது."

இஸ்மாயில் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். பிறகு இணைப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, டீ ஒன்று போதும் என்று வெளியே பார்த்துச் சொன்னார்.