சத்தமில்லாத நல்ல படம்

கடைசியில் கதாநாயகன் செத்துப்போகிறான் என்று சின்னக்கண்ணு அண்ணனிடம் சொன்ன அதே வாயால், அவன் கல்யாணம் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போகிறான் என்று கவிதாவிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர்கள். லாரியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரம். அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று கேட்டார், கவிதா பின்னால் நின்று கேட்டாள். நடுவில் உட்கார்ந்து மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டும் காதில் விழுந்தது. ஒரே படம், நேற்றுப் பார்த்த படம். கோணி ஊசி விரலில் ஏறிவிட்டது. இரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே லாரிக் கதவைத் திறந்து ஏறிவிட்டார்.

மலைமேல் இருக்கிற எங்கள் அரியூர் நாட்டில் சினிமாக் கொட்டகை கிடையாது. சந்தைக்கு இறங்குகிறவர்கள் அடிவாரத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் உண்டு. அதனால் எந்தப் படத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். கிழங்கு லோடு இறக்கப் போகிற நாளெல்லாம் மதிய ஆட்டம் பார்க்கிற மனுசன் மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? 'குழந்தைசாமி சொன்னா சரியா இருக்கும்' என்று ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் போன மாசிச் சந்தைக்குச் சின்னக்கண்ணு அண்ணன் குடும்பத்தோடு போய் ஒரு படம் பார்த்தார். படம் முழுக்க ஒரு கிழவர் இருமிக்கொண்டே இருந்தாராம். ஆறு பேர் அரசு பஸ்ஸில் இறங்கிப் போய், இருமலைக் கேட்டுவிட்டுத் திரும்பி ஏறி வந்தார்கள்.

"ஏப்பா, அதுல என்னத்தக் கண்டு நல்ல படம்னு சொன்ன?" என்று அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார்.

"சத்தமில்லாம இருந்துதுங்க அண்ணா. அதுதானுங்க படம்" என்றார் இவர்.

இவர் கணக்கு எப்போதும் அப்படித்தான். ஊரே விழுந்து விழுந்து பார்த்த படங்களை, டமார் டுமீர், வெட்டு குத்து, மனுசன் உட்காருவானா என்று ஒதுக்கிவிடுவார். யாரும் பார்க்காத படத்தை ஆஹா என்பார். நான் கதை கேட்டால் மட்டும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார். "ஒரு புள்ள வந்தா, செவப்புச் சீலை கட்டியிருந்தா" என்பார். பொறகு என்று கேட்டால், "பொறகென்ன, எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் கடைசியாகக் கொட்டகைக்குள் போனது கல்யாணமான புதிதில். அறுப்புக் காலம் வந்துவிட்டால் பொழுது விடிந்ததிலிருந்து கிழங்கு பிடுங்குவதும், மண் தட்டுவதும், மூட்டை கட்டுவதும்தான் என் பாடு. கை வெடித்துப்போய், சோறு பிசைந்தால் காரம் எரியும். அவர் மட்டும் தினமும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சிவப்புச் சேலையைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான்.

ஆனால் கோணி ஊசி ஏறிய அன்றைக்கு அது வேறு எரிச்சல். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்கு என்பார்கள், இவருக்கு எட்டு அடி தூரத்துக்குக்கூடத் தாங்கவில்லை. படமே பார்க்காதவன்தான் இப்படி மாற்றி மாற்றிச் சொல்வான். அப்படியென்றால் அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறார்? லாரிக்காரர்களைப் பற்றி ஊரில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க அதையே போட்டு உருட்டினேன். சிவப்புச் சேலைக்காரி சினிமாவில் இல்லை, அடிவாரத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"ஏனுங்க, அடுத்த சந்தைக்கு நானும் வண்டியில வாரேன். மொளகு வெலைக்குப் போடோணும்" என்றேன்.

"வா அத்தாயி, அதுக்கென்ன."

"அப்படியே படத்துக்கும் போலாமுங்க."

"அந்தப் படம் நல்லால்ல புள்ள" என்றார்.

"எந்தப் படம் ஓடுதுன்னே தெரியாது, அதுக்குள்ள நல்லால்லீங்களா?"

எழுந்து வெளியே போய்விட்டார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இல்லை, அழுகைதான் வந்தது.

சந்தை நாளன்று விடியுமுன்னே லோடோடு இறங்கினோம். பிடுங்கிய கிழங்கு மறுநாளுக்குள் அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். நின்றால் மாவு குறையும், ஆலைக்காரன் விலையைக் குறைப்பான். அதனால் அறுப்புக் காலத்தில் இந்த லாரி ராத்திரி ஏற்றி, விடியலில் இறங்கி, சாயங்காலம் திரும்ப ஏறும். ஓட்டுகிறவரும் அப்படித்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை. ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சித்த நேரத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நகரும், உடனே நாமும் நகர்த்த வேண்டும். கண் அசந்தால் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான், இல்லையென்றால் முன்னால் புகுந்துவிடுவான். வெயில் ஏறியது. ஜவ்வரிசி ஆலையின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ கேட்டதற்கு வேறு ஏதோ சொன்னார்.

எடை போட்டு, லோடு இறக்க வண்டியை உள்ளே விட்ட பிறகு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனோம். லாரி அப்துல் அலீம் பாயுடையது. அவருக்கு அங்கே மிளகு வியாபாரமும் உண்டு. மிளகைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு நல்ல விலைதான் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்க ஊட்டுக்காரர மாதிரி ஆளு கெடைக்காதும்மா. அந்த மலை ரோட்டு எழுபது வளைவுல ஒரு தடவ வண்டிய ஒரசுனதில்ல. இன்னொரு டிரைவர மாத்தி ஓட்ட வெக்கலாமான்னு கேட்டேன், வேண்டவே வேண்டாம்னுட்டாரு. கண்ணு அசராத மனுசன்" என்றார்.

என் வீட்டுக்காரர் டீ கிளாசைப் பார்த்தபடி நின்றார். பெருமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகை சந்தையிலிருந்து கூப்பிடு தூரம்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கிற ராசு என்கிற பெரியவர், இவரைப் பார்த்ததும் சிரித்து, ஓரத்து ஃபேனுக்குக் கீழே இருக்கிற சீட்டைக் கை காட்டினார். அப்படியென்றால் இங்கேதான் வருகிறார், தினமும் வருகிறார். என் வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. மனுசனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே, முறுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று முந்தியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்தார்கள். முறுக்கோடு திரும்பினால், எழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அவர் தூங்கியிருந்தார்.

தூக்கம் என்றால் வீட்டில் தூங்குகிற தூக்கம் இல்லை. வாய் திறந்து, கழுத்து மடிந்து, கை இரண்டும் மல்லாந்து கிடந்தன. முதலில் கோபம்தான் வந்தது. பொண்டாட்டியோடு படம் பார்க்க வந்த லட்சணமா இது? இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அசையவில்லை.

சரி போ என்று படத்தைப் பார்த்தேன். கதாநாயகனும் லாரி டிரைவர். நல்ல வெள்ளைச் சட்டை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற பெண்ணைப் பார்த்துப் பாடுகிறான், ரோட்டைப் பார்க்கவே இல்லை. அந்த லாரியில் என்ன லோடு, எங்கே இறக்கப் போகிறான், ஒன்றும் தெரியவில்லை. டயர் மாற்றவில்லை. வரிசையில் நிற்கவில்லை. இந்தப் பெண்ணாவது கேட்டாளா, ஏனுங்க சாப்பிட்டீங்களா என்று? அவளும் பாடினாள். அவன் ஒரு கொட்டாவி விட்டிருந்தால் நான் இந்தப் படத்தை நம்பியிருப்பேன். அவன் அம்மாக்காரி தலை நிறைய பூ வைத்துக்கொண்டு அழுதாள். அடுப்பங்கரை என்று ஒன்றைக் காட்டினார்கள், ஒரு பாத்திரத்தில்கூடக் கரி இல்லை. சண்டை வந்தபோது கொட்டகையே அதிர்ந்தது. இவர் கழுத்து இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போனதோடு சரி.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். முறுக்குக்காரர் காதருகில் கத்திக்கொண்டு போனார். அப்போதும் எழவில்லை. எனக்குப் பயமாகி மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். ராசு பெரியவர் வந்து நின்றார்.

"எழுப்பாதீங்கம்மா. எப்பவும் இப்படித்தானுங்க. முடிஞ்சதும் நாந்தான் தட்டி எழுப்பி உடுவேன். என்ன படம்னு ஒருநாளும் கேட்டதில்லீங்க. சண்டை ஜாஸ்தியான்னுதான் கேப்பாரு."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சத்தமில்லாத படம் நல்ல படம். இருமுகிற கிழவர் நல்ல படம். மலை முழுக்க இவர் சொன்ன தீர்ப்புகளெல்லாம் இவர் தூங்கிய தூக்கத்தைப் பற்றியவை. விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்து, கன்னம் ஒட்டி, நெற்றியில் கிழங்கு மண் அப்படியே காய்ந்திருந்தது. நரைகூட வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பெண் ஏதோ ஆற்றில் விழுந்தாள்.

வெளியே வந்து ஆலைக்கு நடக்கும்போது கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். மெதுவாகத்தான் வந்தது.

"இந்தச் சங்கதிய எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"சினிமாப் பைத்தியம்னா ஊரு சிரிக்கும் அத்தாயி, அதோட போச்சு. தூக்கக்கார டிரைவர்னு பேரு வந்துச்சுன்னா? எவன் இந்த வண்டியில கெழங்கு ஏத்துவான்? மூட்டை மேல எவன் குந்தி வருவான்? பாய் மாத்து ஆள் போடறேங்கறாரு. மாத்தா வர்றவன் நிரந்தரமாயிருவான்."

"அதுக்குன்னு?"

அவர் நின்றார். எதிரில் வந்த சைக்கிளுக்கு வழிவிட்டார். "போன வாரம் ஒரு வளைவுல முழிச்சேன்" என்றார். "வளைஞ்சு வந்தது தெரியல. முழிச்சப்ப முன் டயரு ஓரக்கல்லு மேல இருந்துது. பின்னால மூட்டை மேல சின்னக்கண்ணு அண்ணன் தூங்கிக்கிட்டிருந்தாரு."

வண்டியை விட்டுவிடுங்கள் என்றேன், பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றேன், என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள் என்றேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "மேல பிடுங்குன கெழங்கு குமிஞ்சு கெடக்குது புள்ள. நம்ம காட்டுதும் அதுல கெடக்குது" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? அதைப் பிடுங்கியதே நான்தான்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வெறும் வண்டி, முன்னால் நாங்கள் இரண்டு பேர். முதல் சில வளைவுகளில் நன்றாகத்தான் ஒடித்துத் திருப்பினார். பிறகு தலையை உதறினார். கன்னத்தில் தானே தட்டிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது, இதமான காற்று. இப்படிப்பட்ட காற்றில் யாருக்குமே கண் சொருகும். இத்தனை வருசமாக இந்தக் காற்றுக்கு நடுவில் இவர் தனியாக ஏறியிருக்கிறார்.

"படம் எப்புடி இருந்துது?" என்றார், திடீரென்று. கேட்க வேண்டுமே என்று கேட்டார். குரல் எங்கேயோ இருந்தது.

"நல்ல படமுங்க. கேளுங்க, சொல்றேன்" என்று சத்தமாக ஆரம்பித்தேன்.

லாரி டிரைவரில் ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை என்றதும் லேசாகச் சிரித்தார். பாட்டைக்கூட விடவில்லை, எனக்குத் தெரிந்த ராகத்தில் இழுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடினாற்போல் தெரிந்தால் படத்தில் ஒருவனை அடிக்க வைத்தேன், டமார் என்று கதவைத் தட்டினேன். அம்மாக்காரி பூ வைத்த கதை, கரிபடாத பாத்திரம், எல்லாம் சொன்னேன். ஆனால் பாதிப் படத்தைத்தானே நான் பார்த்திருந்தேன். பாதி மலை ஏறுவதற்குள் அந்தப் பெண் ஆற்றில் விழுந்துவிட்டாள்.

"செத்துட்டாளா?" என்றார்.

"செத்துட்டாங்க."

"ம். நல்லா முடிச்சிருக்கான்" என்றார். தலை மெல்ல முன்னால் போனது.

"முடியலீங்க!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திருப்பினார். எங்கள் விளக்கு வெளிச்சம் ஓரக்கல் மேல் விழுந்து, கல்லுக்கு அப்பால் ஒன்றுமில்லாத இடத்தைக் கடந்து, மறுபடி ரோட்டுக்கு வந்தது.

"ஆத்துல உழுந்தவ எந்திரிச்சு வந்துட்டாங்க."

"செத்தவ எப்புடி புள்ள வருவா?" அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரோட்டப் பாருங்க, சொல்றேன். சேலை ஒரு வேர்ல மாட்டிக்கிச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு மேல வந்தா. வந்து பாத்தா, கரையில அவ மாதிரியே ஒருத்தி நிக்கறா."

"யாரவ?"

யாரென்று எனக்கும் தெரியாது. மேலே அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, மரங்களுக்கு நடுவில், இன்னொன்று.

"அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க" என்றேன்.