எல்லை வீட்டுக்குள் வருவதற்கு முன்

எங்கள் பக்கம் நாட்டு எல்லையை இடம் மாற்றுவதென்றால், அது கடந்து போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே நேரில் போய் அழைப்புச் சொல்ல வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கல்கண்டு. எங்கள் நாட்டிலிருந்து ஒரு ஆள், அந்த நாட்டிலிருந்து ஒரு ஆள். இருவரும் வாசலில் ஒன்றாக நின்று, "வியாழக்கிழமை எல்லை உங்க வீட்டு வழியா போகுது, குடும்பத்தோட இருந்து நடத்திக் கொடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். இந்த வேலையை எங்கள் நாட்டுக்காக இருபத்தாறு வருடம் நான் பார்த்தேன். அந்த நாட்டுக்காக ஞானதிரவியம் அண்ணாச்சி பார்த்தார்.

எல்லை ஒரு சாண் அகலம் இருக்கும். குறித்த நாளில் எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி வரும். முறையாக அழைத்த வீடென்றால் முன்வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி, கொல்லைப்புறமாகப் போய்விடும். வீட்டுக்காரர்கள் கட்டிலையோ பீரோவையோ கொஞ்சம் நகர்த்தி வழிவிடுவார்கள். ஒரு தடவை சொர்ணத்தாய் என்கிற அம்மாளின் சமையலறைக்கு நடுவே போனது. அடுப்பு எங்கள் நாட்டில், அரிசிப் பானை அந்த நாட்டில். "உலை கொதிக்குது, சீக்கிரம் தாண்டச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான். தாண்டி முடிந்ததும் எங்கள் இருவருக்கும் இலை போட்டாள். அன்றைக்கு அவள் ஊற்றிய சுண்டைக்காய் வத்தக்குழம்பை நினைத்தால் இப்போதும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

அழைக்காத வீடென்றால் எல்லை உள்ளே போகாது. வாசலிலேயே நின்றுவிடும். அதற்கும் ரோஷம் உண்டு. அப்புறம் இரண்டு பட்டாளமும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று அதைத் தள்ளும். அதற்குப் பெயர்தான் போர்.

தலைநகரத்தில் ஒரு படித்த மனிதர், ஏன் சில இடங்களில் எல்லை சத்தமில்லாமல் மாறுகிறது, சில இடங்களில் ரத்தம் ஓடுகிறது என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதினார். ஆறு, மலை, சுரங்கம், பாஷை என்று என்னென்னவோ காரணம். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு முந்தி இருந்தவர் காலத்தில், அவசரம் என்று முப்பத்தெட்டு வீட்டுக்குத் தபாலில் அழைப்பு அனுப்பினார்கள். தபாலில் வந்த அழைப்பை யார் மதிப்பார்கள்? ஆறு வருடம் சண்டை. என் தாய்மாமன்கள் இரண்டு பேரும் அதில் போனார்கள். வாசலுக்கு ஒரு ஆளை அனுப்பினால் என்ன கேடு வந்தது, பாவிகளா? இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் நானும் அண்ணாச்சியும் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. அண்ணாச்சி தினமும் காலையில் ஜெபம் முடித்துவிட்டுத்தான் வருவார். வந்ததும் குங்குமச் சிமிழை அவர் வாங்கிக்கொள்வார். என்னிடம் இருந்தால் கொட்டிவிடுவேனாம். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஒரு நாளைக்குப் பேச வேண்டியதையெல்லாம் அந்த நடையிலேயே பேசித் தீர்த்துவிடுவேன். "வேலம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுக்க" என்பார். என்ன நாட்கள் அவை!

ஒரு ஆவணி மாதம் உத்தரவு வந்தது. எல்லை கிழக்கே மூன்று மைல் தள்ளிப் போக வேண்டும். அண்ணாச்சியின் ஊர் நாவலோடை. அங்கே அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அடுத்தாற்போல எல்லை ஓடும். அதாவது, அண்ணாச்சி வீடு எங்கள் நாட்டுக்கு வந்துவிடும். அழைப்பவர்கள் இருவரும் ஒரே நாட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது விதி. அண்ணாச்சி காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "சரி, நடப்போம்" என்றார்.

ஐம்பத்திரண்டு வீடு முடிந்தது. பாக்கி, நாவலோடையில் எதிரெதிரே இருக்கிற அண்ணன் தம்பி வீடுகள். அண்ணன் தாணுமாலயன், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தம்பி ஆறுமுகப்பெருமாள். அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும், இது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் தம்பி வீட்டுக்குள் முதலில் நுழைந்தேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே முடித்துவிட்டுத்தான் எதிரே அண்ணன் வீட்டுக்குப் போனோம்; அவர் தட்டைத் தொடவில்லை.

வியாழக்கிழமை எல்லை ஹெட்மாஸ்டர் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் இரண்டு பட்டாளமும் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தன. ஒரு கேப்டன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சமையல்காரரிடம் கொடுத்து, பத்திரம் என்றார்.

ஹெட்மாஸ்டர் ஈஸிசேரைவிட்டு எழுந்திருக்கவில்லை. "தம்பி வீட்ல காப்பி குடிச்சிட்டு, போற போக்குல எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களாக்கும்? எனக்குக் கல்கண்டும் வேண்டாம், எல்லையும் வேண்டாம்."

அண்ணாச்சி என்னைக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டார்.

"வேணும்னுதான செஞ்ச?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏன்?"

"எல்லை இங்கயே நின்னுட்டா நீங்க அந்தப் பக்கத்து ஆளாவே இருப்பீங்க. நாம எப்பவும்போல நடக்கலாம்னு…" அழுதுவிட்டேன்.

"சண்டை வந்தா எங்கம்மா நடக்க? ரோடே இருக்காதே" என்றார். குங்குமச் சிமிழை என் கையில் வைத்தார்.

நான் உள்ளே போய் ஹெட்மாஸ்டர் காலில் விழுந்தேன். "தப்பு என்னோடது சார். முறை தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தெரிஞ்சேவா?"

"ஆமா சார்."

"அப்படியா! நான் ஒரு ஆள் இருக்கறதையே மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன். தெரிஞ்சு செஞ்சீங்கன்னா என்னை நினைச்சுக்கிட்டேதான் செஞ்சிருக்கீங்க. அப்புறம் என்ன கோபம்? வரச் சொல்லுங்க." எழுந்து ஈஸிசேரை ஓரமாக இழுத்துப் போட்டார்.

எல்லை உள்ளே நுழைந்து கொல்லைப்பக்கம் போனது. பட்டாளத்துக்காரர்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். கேப்டன் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் நாட்டுக்காரர் ஆகிவிட்டார். "இனி நானும் உள்ளூர்க்காரன்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் வடக்கே எல்லை மாறுவதாக உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை, அந்த நாட்டின் சார்பில் எவர் வரப்போகிறாரோ என்று நாவலோடை முக்கில் நின்றேன். அண்ணாச்சி தன் வீட்டுப் புங்கமரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடிமரம் இந்தப் பக்கம் வந்துவிட்டாலும் வேரெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்று, அந்த நாட்டுக்காரர்கள் அதற்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"நடை கொஞ்சம் மெதுவு. அவசரப்படுத்தாத" என்றார். "நீ என்ன பேசினாலும் கேட்டுக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாம என்கிட்ட சொல்லிரும்."

நானும் மரமும் கிளம்பினோம். முதல் தெரு திரும்புவதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன்.